மூன்றாம் பாகத்துக்குப் பெரியப்பா வந்தார்

எங்கள் குடும்பத்தில் எது கெட்டுப்போனாலும் அதற்குப் பெயர் "பாகம் ரெண்டு". ரசத்தில் புளி தூக்கலாக இருந்தால் பாகம் ரெண்டு. தைத்து வந்த ரவிக்கை தோளில் நிற்காவிட்டால் பாகம் ரெண்டு. பெரியப்பாவின் பள்ளி வேன் காலையில் கிளம்ப மறுத்து இருமினால் அதுவும் பாகம் ரெண்டுதான். வெளியாட்களுக்கு இந்தப் பேச்சு புரியாது. அவர்களுக்கு விளக்கும் வேலையைப் பெரியப்பா மிகுந்த ஆசையோடு எடுத்துக்கொள்வார். அந்த நேரத்தில் சித்தப்பா அங்கே இருந்தால், அவருக்குத் திடீரென்று வெளியே போய்த் தன் மோட்டார்சைக்கிளில் எதையோ பார்க்க வேண்டியிருக்கும்.

பெரியப்பா மூத்தவர், அப்பா நடுவில், சித்தப்பா கடைசி. மலேசியாவில், செலண்டார் ஊரை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே வரிசையில் இருந்தன. தாத்தா தோட்டத்தில் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டதால் தம்பிகள் இருவரையும் ஆளாக்கியது பெரியப்பாதான். அதனால் குடும்பத்தில் எந்த முடிவும் அவர் வாயிலிருந்து வந்தால்தான் முடிவு. சித்தப்பா மலாக்கா டவுனில் குளிரூட்டும் ஏர்கோன்களைப் பழுதுபார்க்கும் வேலை செய்துகொண்டு அங்கேயே ஓர் அறையில் தங்கியிருந்தார். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் பெரியப்பா வீட்டுக்குத் தவறாமல் வந்துவிடுவார்.

சித்தப்பாவுக்கு விண்வெளிப் படங்கள் என்றால் உயிர். அதிலும் ஒரு படம் அவருக்குக் குலதெய்வம் மாதிரி. பனி மூடிய ஏதோ ஒரு கோளில், பூமியிலிருந்து போன சிலர் ஒரு நிலையம் கட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். அங்கே சூடு தரும் இயந்திரம் நின்றுபோகிறது. ஒரு பெண் இன்ஜினியர் அதைச் சரிசெய்ய வெளியே பனிக்குள் போகிறாள். அவ்வளவுதான் கதை. துப்பாக்கி இல்லை, பூதம் இல்லை. சித்தப்பா அதை சிடியில் கொண்டுவந்து பெரியப்பா வீட்டு டிவியில் போட்டு, ஆங்கிலத்தில் அவர்கள் பேசப்பேசத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் அந்தப் பெண் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை. எங்கள் கூடத்தில் பெரியப்பா மட்டும் மெல்ல, "தொறங்கடா" என்றார். சித்தப்பாவின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். படத்தை எடுத்தவரே அவர்தான் என்பது போல் இருந்தது.

அந்த மகிழ்ச்சியில்தான் அவர் தப்புக் கணக்குப் போட்டார். எனக்கு எட்டு வயதானபோது அதன் இரண்டாம் பாகம் வந்தது. எல்லோரும் போயே ஆக வேண்டும் என்றார். பெரியப்பாவின் பள்ளி வேனில் குடும்பம் மொத்தமும், பக்கத்து வீட்டு அம்மாவும் ஏறிக்கொண்டு மலாக்கா டவுனுக்குப் போனோம். படத்தில் பனி உருகிவிட்டிருந்தது. தண்ணீருக்குள்ளிருந்து கணவாய் மீன் போன்ற பூதங்கள் வந்துகொண்டே இருந்தன. அந்தப் பெண் இன்ஜினியர் செத்துப்போய், கொஞ்ச நேரத்தில் அவளுடைய இரட்டைச் சகோதரி என்று சொல்லி அவளே திரும்ப வந்தாள். பிறகு கோளே வெடித்தது. என் தம்பி அலறினான். பெரியம்மாவுக்குத் தலைவலி. பெரியப்பா விட்ட குறட்டையில் முன்வரிசைச் சீனப் பையன்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் எழுந்த பிறகும் சித்தப்பா மட்டும் பெயர்கள் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தார். கடைசியிலாவது ஏதாவது வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"டிக்கெட்டு வாங்குனதுக்கு ஏர்கோனாவது நல்லா இருந்துச்சு" என்றார் பெரியப்பா வேனில். வீடு வரும்வரை சிரிப்பு ஓயவில்லை. அன்றிலிருந்து அது எங்கள் குடும்பச் சொல் ஆனது. சித்தப்பா எதைப் பரிந்துரைத்தாலும், நல்ல கோழி கிடைக்கும் கடையாக இருந்தாலும் சரி, நல்ல டயராக இருந்தாலும் சரி, "இது எத்தனாவது பாகம்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெரியப்பா மேலே பேசுவார். சித்தப்பாவும் சிரிப்பார். சிரிக்காமல் என்ன செய்வது.

எனக்குப் பதினொரு வயது நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா அன்று வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினார். நான் சமையலறையிலிருந்து அப்பளத் தட்டோடு வரும்போது அவர் தாழ்ந்த குரலில் எதையோ சொல்லி முடித்திருந்தார். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தார்.

பெரியப்பா சாதத்தைப் பிசைந்தபடி, "பாகம் ரெண்டா?" என்றார். வழக்கமான குரல்தான். "நமக்கு அதெல்லாம் வேணாம்டா."

சித்தப்பா சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினார். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். மோட்டார்சைக்கிள் சத்தம் தாமான் முனைவரை கேட்டது. பெரியப்பா தொடர்ந்து சாப்பிட்டார், ஆனால் மோர் கேட்கவில்லை. மோர் இல்லாமல் அவர் எழுந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சித்தப்பா ஏம்மா போயிட்டாரு?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஒனக்குப் புரியாது. போய்ச் சாப்பிடு" என்றார் அம்மா.

எனக்கு நன்றாகவே புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்று வருடமாகத் தன் படத்தைக் கேலி செய்வதைப் பொறுத்துப்பொறுத்துப் பார்த்த மனிதருக்கு இனி முடியவில்லை. அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அவர் உட்காரும் இடத்தில் பெரியம்மா பாயை மட்டும் விரித்துவைத்துவிட்டுப் பிறகு சுருட்டி எடுப்பார். வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பெரியவர்களுக்கு ஒரு படத்தின்மேல் இவ்வளவு ரோஷம் இருக்கும் என்பது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் டிவியில் விளம்பரம் வந்தது. பனி. ஒரே ஒரு விளக்கு. மூன்றாம் பாகம். நான் அம்மாவின் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வீட்டுப் பின்புறம் போய்ச் சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

"தெரியும்மா" என்றார் அவர். குரலில் உயிர் இல்லை. "நான் போய்ப் பாக்கறதா இல்ல. ஒரு தடவ எல்லாரையும் கூட்டிட்டுப் போய்ப் பட்டது போதும் லா."

ஆனால் படம் வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், அவரே அம்மாவின் கைப்பேசியில் என்னை அழைத்தார். இந்த முறை வேறு குரல். மூச்சு வாங்குவது போலப் பேசினார்.

"படம் நல்லா இருக்காம்மா. எல்லாரும் சொல்றாங்க. மொத பாகம் மாதிரியே எடுத்திருக்காங்களாம்." கொஞ்சம் நிறுத்தினார். "பெரியப்பாவ எப்படியாவது கூட்டிட்டு வந்திடறியா? நான் சொன்னேன்னு சொல்லாத."

இப்படி ஒரு பொறுப்பு என்னிடம் அதுவரை யாரும் கொடுத்ததில்லை. அன்று மாலை பெரியப்பா வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் சொல்லாமலே நான் ஒரு துணியை எடுத்துக் கண்ணாடிகளைத் துடைத்தேன். அவர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்ன வேணும்?"

"மூணாவது பாகம் வந்திருக்கு பெரியப்பா."

"அதுக்கு?"

"நீங்க வந்து பாத்தீங்கன்னா சித்தப்பாவுக்குக் கோவம் போயிடும். ஞாயித்துக்கெழம சாப்பிட வருவாரு."

அவர் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றார். தண்ணீர் அவர் செருப்பின்மேல் ஓடியது. "அவனுக்குக் கோவம் அந்தப் படத்தாலன்னா நெனைக்கிற?" என்றார். பின்னே வேறு எதனால் என்று நான் கேட்டேன். அவர் குழாயை மூடிவிட்டு, "சரி, போவோம். தூங்கிட்டேன்னா எழுப்பக் கூடாது" என்றார்.

இரண்டாம் பாகத்தை மறக்காததால் பெண்கள் யாரும் வரவில்லை. அப்பாவுக்கு ஃபேக்டரியில் ஓவர்டைம். அவ்வளவு பெரிய வேனில் பெரியப்பாவும் நானும் மட்டும் போனோம். நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் செம்பனை மரங்கள். பெரியப்பா தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டிருந்தார்.

தியேட்டர் வாசலில் சித்தப்பாவும் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். எங்களைப் பார்த்ததும் டிக்கெட்டுகளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பாப்கார்ன் வாங்கும் இடத்திலிருந்து ஓர் ஆன்ட்டி ஒரு சின்னப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். நீலச் சுடிதார், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை.

"இவங்க மெர்லிமாவ்ல ஒரு கிளினிக்ல வேல பாக்கறாங்க" என்றார் சித்தப்பா. "அங்க ஏர்கோன் சர்வீஸுக்குப் போவேன்."

"வணக்கம்ணே" என்றார் ஆன்ட்டி. பெரியப்பா "ம்" என்றார். பிறகு பையனைப் பார்த்தார். அவனும் இவரை அண்ணாந்து பார்த்தான். ஆறு வயது இருக்கும்.

தெரிந்தவர்களை இப்படித் தற்செயலாகச் சந்தித்தது எனக்கு ஆச்சரியம். உள்ளே போனால் அவர்களுடைய இருக்கைகளும் எங்கள் வரிசையிலேயே இருந்தது அதைவிட ஆச்சரியம். ஓரத்தில் பெரியப்பா, அடுத்து அந்தப் பையன், பிறகு நான், சித்தப்பா, கடைசியில் ஆன்ட்டி. சித்தப்பா என் பாப்கார்னை எனக்குக் குறுக்கே நீட்டி நீட்டி அந்தப் பையனுக்குக் கொடுத்தது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

படம் தொடங்கியது. வெகுநேரம் பனியில் நடக்கும் காலடிச் சத்தம் மட்டும். முதல் பாகத்துப் பெண்ணின் மகள் வளர்ந்துவிட்டாள். எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று கைவிட்ட அந்தக் கோளில் ஒரு விளக்கு எரிவதாக அவளுக்குத் தெரியவருகிறது. போக வேண்டாம் என்கிறார்கள். அவள் தனியாகப் போகிறாள். கணவாய்ப் பூதங்களைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அப்படி ஒன்று நடந்ததாகவே அவர்கள் காட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பழைய நிலையத்தின் கதவு, அதே கதவு, திரையில் தெரிந்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. இந்தச் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ளச் சித்தப்பா பக்கம் திரும்பினேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாகப் பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்பால் ஆன்ட்டியும் லேசாக முன்னால் சாய்ந்து பெரியப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். படம் இவர்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, பெரியப்பா எப்போது குறட்டை விடுவார் என்று பயந்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

நானும் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் தூங்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு, கல் மாதிரி, திரையை நேராகப் பார்த்தபடி இருந்தார். கால் மாற்றவில்லை, கனைக்கவில்லை. பையன் நடுவிலேயே அவர் பக்கமாகச் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான். இவ்வளவு நல்ல படத்தைத் தவறவிடுகிறானே என்று எனக்கு அவன்மேல் பரிதாபம் வந்தது. அதன் பிறகு எனக்குப் பாதிப் படம், பாதிப் பெரியப்பா. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அவர் அப்படியே இருந்தார். படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. சித்தப்பா வந்து தூங்கும் பையனைத் தூக்கிக்கொண்ட பிறகுதான் எழுந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார். படம் ஜெயித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு ஒரு தமிழ் முஸ்லிம் மாமாக் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்தோம். பெரியப்பாதான் பேச்சை ஆரம்பித்தார், சித்தப்பாவிடம் அல்ல, ஆன்ட்டியிடம்.

"ரெண்டாவது பாகம் பாத்தியாம்மா நீ?"

"பாத்தேண்ணே. பாதியில எந்திரிச்சுப் போயிட்டேன்."

"இவன் கடைசி வரைக்கும் ஒக்காந்திருந்தான், தெரியுமா?"

"சொன்னாரு" என்றார் ஆன்ட்டி. உதட்டோரம் சிரிப்பு வந்தது. "அதான் அவரு."

பெரியப்பா கிளாஸைச் சுற்றிக்கொண்டிருந்தார். "அதுக்கப்பறமும் இன்னொண்ணு வருதுன்னப்ப ஒனக்கு வேணாம்னு தோணலயா?"

"தோணுச்சுண்ணே. ரொம்ப நாளு வேணாம்னுதான் சொல்லிட்டு இருந்தேன். எனக்குன்னு மட்டும் பாக்க முடியாதில்ல, பையனும் இருக்கான்."

"அந்தப் பொண்ணு ஏன் அங்கயே திரும்பிப் போச்சு? அம்மாவப் பறிகொடுத்த எடமாச்சே. பயமா இருக்காது?"

"இருக்கும்ணே" என்றார் ஆன்ட்டி. "ஆனா வெளக்கு எரியுதுன்னு தெரிஞ்சப்பறம் எப்படிப் போகாம இருக்கறது."

இந்த இடத்தில் நான் குறுக்கிட்டு, அவள் போனதற்கு உண்மையான காரணம் விளக்கில் ஒளிந்திருந்த சங்கேதம்தான் என்று விளக்கினேன். மூவரும் நான் சொன்னதைக் கவனமாகக் கேட்டார்கள். பெரியப்பா என் பக்கம் ரொட்டிச் சானாயைத் தள்ளினார்.

பையன் கண் விழித்து குடிக்க மைலோ கேட்டான். பெரியப்பாவே எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வருடம் முதலாம் வகுப்பு என்று ஆன்ட்டி சொன்னதும், "வேன் யாரு?" என்றார். ஆன்ட்டி ஒரு பெயரைச் சொன்னார். பெரியப்பா முகத்தைச் சுளித்தார். "அவனா? அவன் வேகமா ஓட்டுவான் லா. நான் பேசறேன். முன்சீட்ல ஒக்காரவைக்கக் கூடாதுன்னு சொல்றேன்."

சித்தப்பா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். தே தாரிக் சூடாக இருந்திருக்க வேண்டும். அவர் கண்ணில் நீர் வந்திருந்தது.

திரும்பி வரும் வழியில் செலண்டார் நெருங்கியபோது, "வர்ற ஞாயித்துக்கெழம சாப்பிட வரச் சொல்லு ஒங்க சித்தப்பாவ" என்றார். "மூணு பேரா வரச் சொல்லு." தன்னோடு படம் பார்த்தவர்கள் என்பதற்காக முன்பின் தெரியாத இரண்டு பேருக்குச் சாப்பாடு போடும் பெரியப்பாவின் பெருந்தன்மை எனக்குப் பிடித்திருந்தது.

மூவரும் வந்தார்கள். பெரியம்மா இன்னொரு பாயையும் சேர்த்து விரித்தார். அன்று அப்பளம் கருகிவிட்டது. என் தம்பி பழக்கதோஷத்தில், "ஐ, பாகம் ரெண்டு" என்றான். பெரியப்பா நிமிர்ந்தார்.

"அந்தப் பேச்சு இனிமே இந்த வீட்ல வேணாம்."

அதட்டலாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் சொன்னதில்லை. ஒரு நல்ல படத்துக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை அது என்று நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த ஆண்டு மெர்லிமாவில் நடந்த கல்யாணத்தில் நான் பழத்தட்டு தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும், எங்கள் சித்தப்பாவும் சித்தியும் ஒரு படம் பார்க்கப் போன இடத்தில் சந்தித்துக்கொண்டார்கள் என்றும், அந்தப் படத்தை எங்கள் பெரியப்பா கண் இமைக்காமல் பார்த்தார் என்றும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கோலாலம்பூரில் வேலைக்குப் போன பிறகும், நடுவில் ஒன்று சொதப்பினாலும் ஒரு தொடர் எழுந்து நிற்க முடியும் என்பதற்கு நண்பர்களிடம் அந்த மூன்றாம் பாகத்தைத்தான் உதாரணம் காட்டினேன்.

போன கிறிஸ்துமஸுக்குச் சித்தி வீட்டில், வருபவர்களுக்கெல்லாம் விருந்து போடும் ஓப்பன் ஹவுஸ். வந்தவர்கள் கலைந்த பிறகு நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். பேச்சுவாக்கில் அந்தப் படம் வந்தது. "நீங்க ரெண்டு பேரும் அன்னிக்குத்தானே மொதல்ல பாத்தீங்க?" என்றேன்.

சித்தி சிரித்துவிட்டார். "அன்னிக்கு எங்களுக்கு அது மூணாவது தடவம்மா. மொத நாளே போய்ப் பாத்துட்டோம். எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. இத அண்ணனுக்குக் காட்டுங்க, நானும் வர்றேன்னேன். இவருக்குப் பயம். அப்பறம் எந்த எடத்துல ஒங்க பெரியப்பா தூங்குவாருன்னு பாக்கறதுக்காக இன்னொரு தடவ போனோம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அன்று வேண்டாம் என்று சொல்லப்பட்டது எது என்பது எனக்குத் தெரியவந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. விதவை, கையில் ஒரு பிள்ளை. அதற்குத்தான் அந்தச் சொல். இருந்தாலும் நான் என் படத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. பெரியப்பா பக்கம் திரும்பினேன்.

"ஆனா நீங்க தூங்கல. கடைசி வரைக்கும் அசையாமப் பாத்தீங்க. நான் பாத்தேன்."

பெரியப்பாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். சித்தி திரும்பச் சொன்னதும் அவர் கையை ஆட்டினார்.

"படம் எங்க பாத்தேன். அடியில வர்ற மலாய் எழுத்துப் படிக்கக் கண்ணாடி வேணும். கண்ணாடி சட்டப் பாக்கெட்ல கெடக்குது. அத எடுக்கற கைமேலதான் பையன் தூங்கிட்டான். அசைஞ்சா முழிச்சிக்குவானேன்னு அப்படியே ஒக்காந்திருந்தேன்."

நான் அவனுக்கு அடுத்த இருக்கையில்தான் இருந்தேன். அவன் தூங்கியதைப் பார்த்தேன். பெரியப்பா அசையாமல் இருந்ததையும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.